வர்ஜீனியாவும் மாசசூசெட்ஸும்: கேள்வி பதில்

கேள்வி: இரண்டுமே வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த குடியேற்றங்கள்தாம். பிறகு ஏன் இவ்வளவு வேறுபாடு?

பதில்: யார், எதற்காக, எந்த ஏற்பாட்டின்கீழ் வந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் இறங்கிய சுமார் நூறு பேரும் ஆண்களும் சிறுவர்களுமே. இலாபத்துக்காக லண்டனில் நிறுவப்பட்ட வர்ஜீனியா கம்பெனி அவர்களை அனுப்பியது. 1612 வாக்கில் ஜான் ரால்ஃப் என்ற குடியேறி புகையிலையைப் பயிரிட்டுக் காட்டிய பின் எல்லாம் அந்த ஒரு பயிரைச் சுற்றியே அமைந்தது. மண்ணின் சத்தை விரைவில் உறிஞ்சிவிடும் பயிர் என்பதால், அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான பௌஹாட்டன் மக்களிடமிருந்து மேலும் மேலும் நிலம் பறிக்கப்பட்டது. கப்பற்செலவு கொடுத்து ஓர் ஆளை வரவழைப்பவருக்கு 50 ஏக்கர் என்று 1618இல் விதி வகுத்ததால், ஒப்பந்தக் கூலிகளை (கப்பற்செலவுக்கு ஈடாகச் சில ஆண்டுகள் உழைக்க ஒப்புக்கொண்டவர்களை) இறக்கிய செல்வர்களிடமே நிலமும் குவிந்தது. தோட்டத்துப் படித்துறைக்கே கப்பல் வந்துவிட்டதால் நகரங்கள் தலையெடுக்கவில்லை. மாசசூசெட்ஸுக்கு 1630களில் வந்த ஏறத்தாழ 20,000 பேரில் பெரும்பாலோர் குடும்பங்களாக வந்தார்கள். அங்கே நிலத்தை ஊருக்கு வழங்கினார்கள். ஊர் கூடி அதைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தது.

கேள்வி: 1620இல் பிளிமத்தில் இறங்கியவர்களும் இவர்களும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. அது தனிக் குடியேற்றம். 1691இல் மன்னர் தந்த சாசனத்தின்படிதான் (ஆட்சியுரிமைப் பத்திரத்தின்படிதான்) மாசசூசெட்ஸுடன் இணைந்தது.

கேள்வி: சுதந்திர வேட்கையே வேறுபாட்டுக்குக் காரணம் அல்லவா?

பதில்: அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த 1776ஐ மனத்தில் வைத்துக்கொண்டு 1607ஐப் படிக்காதீர்கள்.

கேள்வி: மதமே காரணம் என்கிறேன். மாசசூசெட்ஸை அமைத்த தூய்மைவாதிகள் (இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த விரும்பிய கிறிஸ்தவர்கள்) எங்கே குடியேறியிருந்தாலும் இன்னொரு மாசசூசெட்ஸைத்தான் உருவாக்கியிருப்பார்கள்.

பதில்: அவர்கள் வேறிடத்திலும் குடியேறினார்கள். கரீபியன் கடலிலுள்ள பிராவிடன்ஸ் தீவில், அதே 1630இல், தூய்மைவாதப் பெருமக்களின் கம்பெனி குடியேற்றம் அமைத்தது. அங்கே உருவானது புகையிலையும் பருத்தியும் விளைவித்த அடிமைச் சமூகம். 1641இல் ஸ்பானியர் அதைக் கைப்பற்றினார்கள்.

கேள்வி: அப்படியானால் தட்பவெப்பமே தீர்மானிக்கிறது என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தீவில் குடியேறியவர்களுக்கு நிலம் சொந்தமில்லை. விளைச்சலில் பங்கு கொடுத்துவிட்டு, லண்டனில் இருந்தவர்களின் ஆணைக்குக் காத்திருந்த குத்தகையாளர்கள் அவர்கள். மாசசூசெட்ஸிலோ தலைவர் ஜான் வின்த்ரப்பின் கூட்டத்தார் சாசனத்தையே கப்பலில் எடுத்துவந்து, ஆட்சியை அங்கேயே நடத்தினார்கள். சமயப் பற்று இரு இடங்களிலும் இருந்தது. நிலமும் அதிகாரமும் குடியேறியவர் கைக்கு வந்தது ஓரிடத்தில்தான். மதத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லமாட்டேன்: 50 குடும்பங்கள் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்ற 1647ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொருவரும் வேதாகமத்தைப் படிக்க வேண்டும் என்ற கவலையில் பிறந்தது.

கேள்வி: தெற்கில் வெயில், வடக்கில் குளிர், இவ்வளவுதானே?

பதில்: மேலே பதில் சொல்லிவிட்டேன், பிராவிடன்ஸ் தீவு பற்றிய பதிலைத் தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: ஸ்பானியக் குடியேற்றங்களுடன் ஒப்பிட முடியுமா?

பதில்: அத்துறையை அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: 1619இல் ஆப்பிரிக்கர்கள் வந்த அன்றே வர்ஜீனியா அடிமை நாடாகிவிட்டதா?

பதில்: மீண்டும் சொல்கிறேன், பின்னால் வந்ததை முன்னால் ஏற்றாதீர்கள். அங்கே பல பத்தாண்டுகள் தோட்ட வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் ஆங்கில ஒப்பந்தக் கூலிகளே. தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்ற சட்டம் 1662இல் வந்தது. விரிவான அடிமைச் சட்டத் தொகுப்பு 1705இல் வந்தது. வடக்கு தூய்மையானது என்றும் எண்ண வேண்டாம்: அடிமைமுறைக்குச் சட்ட இடம் தந்த விதியை மாசசூசெட்ஸ் 1641லேயே எழுதிவிட்டது.