ஒன்பது வயது முயலைக் குளிப்பாட்டலாமா?

வாசகர் கேள்விகளுக்கு நாகர்கோவில் கால்நடை மருத்துவர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது வாங்கிய வெள்ளை முயல், பெயர் குட்டன். இப்போது ஒன்பது வயது. மகள் கோவையில் கல்லூரிக்குப் போய்விட்டதால் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சில மாதமாகப் பின்பக்கம் எப்போதும் ஈரமாக, புழுக்கை அப்பி, நாற்றமடிக்கிறது. ட்ரேயில் போய் ஒன்றுக்கிருந்த பிள்ளை, இப்போது இருந்த இடத்திலேயே போய்விடுகிறான். டைல்ஸில் பின்னங்கால் விலகி விலகிப் போகிறது. வாரம் ஒருமுறை ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுகிறேன், பலனில்லை. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. "வயசான முயலை வச்சு என்ன செய்யப்போற?" என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்? (வாசகி, தக்கலை)

பதில்: ஷாம்பூவை முதலில் எடுத்து உள்ளே வையுங்கள். முயலை முழுசாக நனைக்கவே கூடாது. அடிமயிர் அவ்வளவு நெருக்கம். தோல்வரை நனைந்தால் காய மணிக்கணக்காகும், அதற்குள் உடல்சூடு இறங்கிவிடும். பயந்து ஓங்கி உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளக்கூடிய பிராணி அது.

குட்டன் ஏன் இப்படி ஆனான் என்று பார்ப்போம். முயல் இரண்டு விதமாகப் புழுக்கை போடும். ஒன்று, நாம் பெருக்கித் தள்ளும் காய்ந்த உருண்டை. மற்றது சின்னத் திராட்சைக் கொத்துபோல மெத்தென்று, பளபளப்பாக, நாற்றத்தோடு வரும். அதைக் கீழே விழவிடாமல் குனிந்து வாயாலேயே எடுத்துத் தின்றுவிடும். குடலில் நுண்ணுயிர்கள் செய்துவைத்த பி வைட்டமினும் புரதமும் அதில் இருக்கின்றன. இத்தனை வருஷம் நீங்கள் அதைப் பார்த்தே இருக்கமாட்டீர்கள். இடுப்பும் முதுகும் வலிக்கிற கிழ முயலால் அவ்வளவு தூரம் குனிய முடியாது, அது மயிரிலேயே அப்பிக்கொள்ளும். பின்பக்கத்தைத் தூக்கிச் சிறுநீர் கழிக்க முடியாமல் தன் மேலேயே போய்க்கொள்வான். ட்ரேயின் விளிம்பைத் தாண்ட வலிப்பதால் அங்கே போவதையும் விட்டிருப்பான். ஆக, நீங்கள் எழுதிய நாற்றம், ட்ரே, வழுக்கல் மூன்றுக்கும் பின்னால் பெரும்பாலும் மூட்டுவலியோ முதுகெலும்புத் தேய்மானமோதான் இருக்கும். வலியைக் கவனிக்காமல் கழுவிக்கொண்டே இருந்தால் ஆயுசுக்கும் கழுவ வேண்டியதுதான்.

எனவே முதல் வேலை மருத்துவர். நம் மாவட்டத்தில் முயல் என்றால் கறிக்கு வளர்ப்பதுதான் பழக்கம். பண்ணையில் மூன்று, நான்கு வயது தாண்டிய முயலைக் காண்பதே அபூர்வம். "முயலுக்கு மூட்டுவலியா சாரே?" என்று என்னிடமே சிரித்தவர்கள் உண்டு. நீங்கள் கூச்சப்படாமல் எக்ஸ்ரே கேளுங்கள். பக்கத்தில் வசதியில்லை என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விடியற்காலையில் கிளம்புங்கள். ஆரல்வாய்மொழி தாண்டினால் வெயில் வேறு மாதிரி, முயலுக்குச் சூடு ஆகவே ஆகாது. கூடையில் புல் இருக்கட்டும், முயலைப் பட்டினி போட்டுக் கொண்டுபோகக் கூடாது. முயலின் மூட்டுவலிக்கு வழக்கமாகத் தருவது மெலாக்சிகாம். நாய்க்கு எழுதிய சீட்டைப் பார்த்துக் கொடுத்துவிடாதீர்கள், முயலுக்கு அளவே வேறு. நாள்பட்டுக் கொடுப்பதானால் சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். பின்னங்கால் பலவீனத்துக்கு மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும் ஓர் ஒட்டுண்ணியும் காரணமாகலாம், அதற்கு மருந்து வேறு. அதனால்தான் வீட்டிலிருந்தே ஊகிக்க வேண்டாம் என்கிறேன்.

சரி, இன்றைக்கு அப்பியிருப்பதை எடுக்க வேண்டுமே. காய்ந்த அழுக்கென்றால் தண்ணீரே வேண்டாம். கடையில் கார்ன்ஃப்ளோர் என்று கிடைக்கும் வெள்ளை மாவைத் தூவி, விரலால் மெல்ல உதிர்த்து எடுங்கள், மாவு மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டால்கம் பவுடர் வேண்டாம். கட்டியாகப் பிடித்திருந்தால் ஒரு பேசினில் இரண்டு விரல் ஆழத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அடியில் துண்டு விரித்து, பின்பக்கம் மட்டும் நனைகிற மாதிரி உட்கார வையுங்கள். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே இருக்கட்டும். கட்டி ஊறித் தானாகக் கழன்று வரவேண்டும். இழுத்தால் மயிரோடு தோலும் வந்துவிடும். மல்லாத்திப் போடாதீர்கள். அசையாமல் கிடப்பது சுகத்தில் இல்லை, பயத்தில். அப்புறம் பழைய வேட்டித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மயிரை விலக்கி வேர்வரை காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஹேர் ட்ரையர் என்றால் குறைந்த சூட்டில், உங்கள் மணிக்கட்டில் பட்டு இதமாக இருக்கிற தூரத்தில். கத்தரிக்கோல் உங்கள் வேலையல்ல, மயிரோடு தோல் மடிந்து எழும்பும், வெட்டுப்பட்டுவிடும்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் எண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மயிரில் பிசுக்கி அழுக்கைச் சேர்க்கும், நக்கினால் வயிறு இளகும். டெட்டாலும் கூடாது. தோல் சிவந்து கசிந்தால் களிம்பை மருத்துவர் சொல்லட்டும்.

நான் உண்மையில் பயப்படுவது ஈக்குத்தான். சக்கைப்பழம் (பலா) வெட்டுகிற மாதங்களிலும் சாரல் காலத்திலும் பச்சையாக மினுங்கும் ஈக்கள் வருமே, அவை ஈரமான பின்பக்கத்தில் முட்டையிடும். ஒரே நாளில் புழு பொரிந்து உயிரோடு இருக்கிற சதையைத் தின்னத் தொடங்கும். மேலே மயிர் மூடியிருப்பதால் வெளியே தெரியாது. காலையும் மாலையும் வாலடியைத் தூக்கிப் பாருங்கள். கூண்டுக்குக் கொசுவலை கட்டுங்கள். ஒரு புழுவைக் கண்டாலும் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே மருத்துவமனை. மறுநாள் பார்க்கலாம் என்று வைக்கக் கூடாது.

தரையைப் பொறுத்தவரை, அவன் நடமாடும் இடத்தில் டைல்ஸே தெரியக் கூடாது. கயிற்றுமிதியடி வேண்டாம், சொரசொரப்பில் குதிகால் புண்ணாகும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு விரிக்கும் அண்டர்பேட் மெடிக்கலில் கிடைக்கும். அதன்மேல் ஃப்ளீஸ் போர்வை போட்டால் ஈரம் கீழே இறங்கிவிடும், மேலே உலர்ந்திருக்கும். கடித்துத் தின்கிறானா என்று மட்டும் பாருங்கள். ட்ரேயின் ஒரு பக்கச் சுவரை அறுத்துத் தாழ்வாக்குங்கள். தண்ணீர் பாட்டிலுக்குக் கழுத்தைத் தூக்குவது கஷ்டம், கனமான மண்சட்டியில் வையுங்கள்.

தீனியில் புல்தான் பிரதானம். கினிப்புல்லை வெட்டி நிழலில் உலர்த்தி வைக்கலாம், மழைக்காலத்தில் பூசணம் பிடித்தால் தூக்கிப் போடுங்கள். ரப்பர் தோட்டத்தில் அறுத்த புல் என்றால் களைக்கொல்லி அடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். சிறுநீர் சுண்ணாம்புக் கரைசலாக, கெட்டியாக வந்தால் முருங்கைக்கீரை, அகத்தி, குதிரைமசால் மூன்றையும் குறையுங்கள். முயல் தின்கிற கால்சியத்தில் மிச்சமானது சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். அந்தக் கரைசல் காய்ந்து தோலை அரிக்கும்.

மாமியாருக்குப் பதில்: வீட்டு முயல் 8 முதல் 12 வருஷம்வரை இருக்கும். குட்டன் ஆசையாகத் தின்று, உங்களைக் கண்டதும் தலையைத் தூக்குகிறான் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். மருந்து கொடுத்தும் வலி அடங்காமல், தீனியும் இறங்காமல் போனால், ஊசிபோட்டு வலியில்லாமல் முடித்துவைப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

கேள்வி: எங்கள் முயலுக்கு மட்டி வாழைப்பழம் என்றால் உயிர். தினமும் ஒன்று கொடுக்கலாமா? (வாசகர், குலசேகரம்)

பதில்: மட்டி எனக்கும் உயிர்தான். முயலுக்கு விரல்நகம் அளவுத் துண்டு, அதுவும் வாரத்தில் ஓரிரு முறை போதும். சர்க்கரை கூடினால் குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் கெட்டு, புழுக்கை கூழாகி, தக்கலை வாசகியின் கதைதான் உங்கள் வீட்டிலும். மாத்திரையை உள்ளே அனுப்ப மட்டும் மட்டிக்கு ஈடில்லை.

கேள்வி: நேற்று மதியத்திலிருந்து முயல் தின்னவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று மெடிக்கலில் அமாக்சிசிலின் சிரப் வாங்கி வைத்திருக்கிறேன். எத்தனை மில்லி கொடுக்கலாம்? (வாசகர், குளச்சல்)

பதில்: ஒரு சொட்டும் கூடாது. இந்தக் கடிதம் கிடைத்ததுமே போனில் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும். பென்சிலின் வகை மருந்து வாய்வழியே போனால் முயலின் குடலில் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, விஷக்கிருமி பெருகி, முயலே போய்விடும். உண்ணிக்கு நாய்மேல் விடும் ஃபிப்ரோனிலும் முயலுக்கு ஆகாது. அரைநாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தாலே முயலுக்கு அது அவசர நிலை, குடல் நின்றுபோயிருக்கலாம். உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சிரப் பாட்டிலின் மூடியைத் திறக்கவில்லை என்றால் மெடிக்கலில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.