மான் வேட்டைக்கு ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்ட தம்பி, டெக்சாஸில் இருக்கும் உங்கள் மாமா சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்பி மான் வேட்டைக்குப் போகிறார், நானும் இங்கே தொடங்கலாமா என்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மான் வேட்டை குற்றம். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

சரி, மாமா என்னதான் செய்கிறார்? தோட்டாவில் பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர் (துப்பாக்கி ஊசி அடித்ததும் தீப்பொறி தரும் சிறு மூடி), உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்டபின் மிஞ்சுவது கூடு மட்டும். அதில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, பிரஸ் என்னும் கை அழுத்துக் கருவியில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார். பழைய பிரைமரும் அப்போதே கழன்றுவிடும். கூட்டின் கழுத்து (குண்டு பொருந்தும் வாய்ப்பகுதி) நீண்டிருந்தால் வெட்டிவிட்டு, புது பிரைமர், மருந்து, குண்டு.

உயிருக்கே ஆபத்து மருந்தில்தான். அளவு கிரெயின் கணக்கு. 1 கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். சௌகார்பேட்டை நகைக்கடைத் தராசின் துல்லியம் வேண்டும். மருந்து, குண்டு தயாரிப்பாளர்கள் வெளியிடும் கையேட்டின் தொடக்க அளவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், நண்பர் சொன்ன கணக்கில் அல்ல. ஒரு மருந்துக்குப் பதில் இன்னொன்றைப் போடவே கூடாது. ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழுந்தால் துப்பாக்கியே வெடிக்கலாம். அதனால் குண்டைப் பொருத்தும் முன் ஒவ்வொரு கூட்டையும் விளக்கடியில் எட்டிப் பார்க்கிறாரா என்று மாமாவிடம் அவசியம் கேளுங்கள்.