காரை விற்றுவிட்டேன், வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. நான் என்ன செய்யலாம்?

கேட்டவர் குன்னூர்க்காரர். காரை விற்று எட்டு மாதம் ஆகிறது. வாங்கியவர் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பெயரை மாற்றவில்லை, போனையும் எடுப்பதில்லை. அபராதக் குறுஞ்செய்திகள் மட்டும் இவருக்கு வந்துகொண்டே இருக்கின்றன. "பணம் வாங்கியாயிற்று, வண்டியும் போயிற்று. இன்னும் இது என் தலைவலியா?" என்று கேட்டிருக்கிறார்.

ஆம், உங்கள் தலைவலிதான் என்று சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் தீராத தலைவலி அல்ல. என் அப்பா இதே நிலையில் மாதக்கணக்கில் தூக்கம் இழந்து தவித்தார். நானும் அவரோடு அலைந்தேன். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

அப்பா அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களிடம் 2012 மாடல் ஆல்ட்டோ ஒன்று இருந்தது, டிஎன் 43 பதிவு. முழங்கால் வலி வந்த பிறகு வளைவுக்கு வளைவு கிளட்ச் மிதிக்க முடியாமல் 2022 ஜூலையில் அதை விற்றார். வாங்கியவர் முன்பின் தெரியாதவர் அல்லர். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பச்சைத் தேயிலை ஏற்றும் வண்டி வைத்திருந்தவர், பத்து வருடப் பழக்கம். 1,60,000 ரூபாய்க்குப் பேச்சு முடிந்தது. அதில் 1,40,000 ரூபாயை வங்கிக் கணக்குக்கு அனுப்பினார், மீதியைக் கையில் கொடுத்தார். "பதினைந்து நாளில் பெயரை மாற்றிவிடுகிறேன் சார்" என்றார். அப்பா பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் தேதியோ வாங்குபவர் பெயரோ எழுதாமல் கையெழுத்தை மட்டும் போட்டு, ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். ஒரு நகல்கூட எடுத்து வைக்கவில்லை.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் இந்தப் பழக்கத்தைத்தான் நான் முதல் குற்றவாளியாகப் பார்க்கிறேன். வாங்கும் வியாபாரிக்கு அது ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்று யோசியுங்கள். தன் பெயருக்கு மாற்றினால் ஆர்.சி.யில் உரிமையாளர் எண்ணிக்கை ஒன்று கூடும், வண்டியின் விலை இறங்கும். மாற்றாமல் வைத்திருந்தால் நான்காவது கைக்குப் போகும்போதும் "ஒரே ஓனர் வண்டி" என்று சொல்லி விற்கலாம். அந்த ஒரே ஓனர் நம் அப்பா, அல்லது நீங்கள்.

ஓராண்டு எந்தச் சத்தமும் இல்லை. கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல், சாலைகளில் வைத்த செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களில் பதிவாகும் விதிமீறல்களுக்கு அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். ஜூலையில் அப்பாவின் போனுக்குச் செய்தி வந்தது: மலப்புறம் மாவட்டம், சீட் பெல்ட் போடவில்லை, 500 ரூபாய். இணைப்பைத் திறந்து பார்த்தால் எங்கள் வண்டியின் படம். கண்ணாடியில் நான் ஒட்டிய பிள்ளையார் படம்கூட அப்படியே இருந்தது. ஓட்டுபவரின் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை.

500 ரூபாய் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அன்றிரவு, வாகன விவரங்களைக் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. இன்சூரன்ஸ் ஏப்ரல் மாதமே முடிந்திருந்தது. மூன்று மாதமாக அந்தக் கார் காப்பீடு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, அப்பாவின் பெயரில்.

இது ஏன் இவ்வளவு கனமான விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்கிறது. 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், ஒரு கார் பல கை மாறியிருந்தது. யாருமே பெயரை மாற்றவில்லை. அந்தக் கார் விபத்தில் சிக்கியபோது, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்தில் அடிபட்டவர், வண்டி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பது அதன் நியாயம். அடிபட்டவரின் பக்கம் நின்று பார்த்தால் அது சரிதான். விற்றவரின் வீட்டில் உட்கார்ந்து படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அதனால் மறுநாள் காலை நான் செய்த முதல் வேலை அபராதத்தைப் பற்றியதே அல்ல. மூன்றாம் நபர் காப்பீட்டை அப்பாவின் பெயரிலேயே இணையத்தில் எடுத்தேன். 1000 சிசி வரையுள்ள காருக்கு அப்போது ஆண்டுக் கட்டணம் 2,094 ரூபாய், வரியோடு 2,471. விற்ற வண்டிக்கு நாம் ஏன் கட்ட வேண்டும் என்று அம்மா கேட்டார். நிலம்பூர்ச் சாலையில் அந்தக் கார் யார் மீதாவது மோதினால், எங்கள் வீட்டையே விற்றாலும் ஈடு செய்ய முடியாது என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது கடிதம். சட்டத்தின் 50வது பிரிவுப்படி, மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாளுக்குள் வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாதது இதுதான்: தெரிவிக்கும் கடமை முதலில் விற்றவருக்கு இருக்கிறது, அதற்கு வாங்கியவர் கூட வர வேண்டியதில்லை. படிவம் 29 அதற்காகவே இருக்கிறது. நாங்கள் ஓராண்டு கழித்துத்தான் உதகை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதினோம். விற்ற தேதி, தொகை, வங்கிக் கணக்கு விவரம், வாங்கியவரின் பெயர், முகவரி, போன் எண் எல்லாவற்றையும் எழுதி, நிரப்பிய படிவம் 29ஐயும் இணைத்தோம். தாமதம் என்று திருப்பி அனுப்பவில்லை. முத்திரை போட்டு நகல் கொடுத்தார்கள். அதே கடிதத்தின் நகலோடு காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். இந்த இரண்டு தாள்களும் பெயரை மாற்றிவிடாது, பொறுப்பையும் முழுதாகக் கழற்றிவிடாது. ஆனால் நாளைக்கு ஒரு விசாரணை வந்தால், வண்டி எந்த நாளில் யார் கைக்குப் போனது என்பதற்கு உங்களிடம் சான்று இருக்கும். ஓட்டியவர் யார் என்று காவல்துறை கேட்டால் உரிமையாளர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும் என்பதும் சட்டம்தான்.

பிறகு ஆளைத் தேடினோம். தேயிலை வண்டிக்காரர், தான் ஒரே மாதத்தில் கூடலூரில் ஒரு கன்சல்டிங்குக்கு (பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கடைக்கு) கொடுத்துவிட்டதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். நானும் அப்பாவும் கூடலூர் பஸ் ஏறினோம். ஆகஸ்ட் மாதம், பைக்காரா தாண்டியதும் ஒரே பனி. நடுவட்டத்திலிருந்து இறக்கம் முழுவதும் மழை. எழுபத்தொரு வயது மனிதர், மடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதங்களை வைத்துக்கொண்டு வந்த அந்தப் பயணத்தை என்னால் மறக்க முடியாது. முதல் முறை கன்சல்டிங் பூட்டியிருந்தது. இரண்டாம் முறை கடைக்காரர் இருந்தார். சி.எஸ்.ஆர். நகலைக் காட்டியதும் பழைய நோட்டைப் புரட்டி ஒரு கேரள எண்ணை எழுதிக் கொடுத்தார்.

அந்த எண்ணில் பேசியவர்தான் கேமராப் படத்தில் இருந்தவர். நாடுகாணி மலைப்பாதைக்கு அந்தப் பக்கம், வழிக்கடவில் சிறிய உணவகம் நடத்துகிறார். நான் கோபமாகத்தான் பேச்சைத் தொடங்கினேன். அவர் சொன்னதைக் கேட்ட பிறகு கோபம் போய்விட்டது. வேறு மாநிலத்தில் பெயரை மாற்றிப் பதிவு செய்ய இங்கிருந்து தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வேண்டும். அதற்கான படிவம் 28இல் பதிவு உரிமையாளர் கையெழுத்திட வேண்டும். கன்சல்டிங்கில் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, என்.ஓ.சி. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்திருக்கிறார்கள். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் அங்கே வண்டியை வைத்திருக்கவும் கூடாது. மனிதர் எங்களைவிடப் பயந்துபோயிருந்தார். அப்பா போனை என்னிடமிருந்து வாங்கி, "தம்பி, நீங்கள் உதகைக்கு வாருங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

வந்தார். நிலுவை அபராதங்களை அவரே கட்டினார். நான் கட்டிய இன்சூரன்ஸ் தொகையையும் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார். படிவம் 28, 29, 30 மூன்றையும் இந்த முறை தேதியோடும் பெயரோடும் நிரப்பிக் கொடுத்தோம். இரண்டு தடவை அலைய வேண்டியிருந்தது. சான்று கிடைத்து, அங்கே பதிவாகி, கேரள எண்ணோடு அவர் பெயர் அச்சிட்ட ஆர்.சி.யின் படம் 2024 பிப்ரவரியில் வாட்ஸ்அப்பில் வந்தது. அப்பா அதைப் பெரிதாக்கி, பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போன் எடுக்காதவரையே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருக்காதீர்கள். வண்டி இன்னும் அவரிடம் இருக்கிறதா என்பதே சந்தேகம். அபராதச் செய்திகளில் இடமும் நேரமும் இருக்கும், படமும் இருக்கலாம். வண்டி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். படிவம் 29, கடிதம், சி.எஸ்.ஆர். ஆகியவற்றை இந்த வாரமே முடியுங்கள். வாங்கியவரின் முகவரிக்கும் ஒப்புகை அட்டையுடன் ஒரு கடிதம் அனுப்புங்கள் (பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது, அதிலேயே அனுப்பலாம்). அபராதத்துக்கு, அந்த நாளில் வண்டி உங்கள் கையில் இல்லை என்று ஆதாரங்களோடு பதில் எழுதுங்கள். பழைய ஃபாஸ்டேக் ஒட்டியே கொடுத்திருந்தால் வங்கியில் சொல்லி அதை மூடிவிடுங்கள். கடைசியில் வண்டியை வைத்திருப்பவர் கிடைத்தால் தயவுசெய்து சண்டையில் தொடங்காதீர்கள். அவருக்கும் உங்கள் கையெழுத்து தேவைப்படலாம். நேரில் வந்து சேர்ந்தே விண்ணப்பம் கொடுங்கள். பெயர் மாற்றக் கட்டணம் சில நூறு ரூபாய்தான், தேவைப்பட்டால் நீங்களே கட்டிவிடுங்கள்.

கன்சல்டிங்குக்கு விற்க நினைத்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2023 ஏப்ரல் 1 முதல், பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வியாபாரிகளுக்கென்று தனி விதிகள் இருக்கின்றன. வண்டியை அவர்களிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி வழியாக அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

உங்கள் காரின் இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. இதைப் படித்து முடித்ததும் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். முடிந்திருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைக் கட்டுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் கேளுங்கள், நாங்கள் கொடுத்த கடிதத்தின் வாசகத்தைப் பெயர்களை எடுத்துவிட்டு இங்கேயே இடுகிறேன்.