கேஜில் மேல் கோட்டைத் தாண்டிய ஆயில்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். 2019 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல். புதுச்சேரி ஒர்க்‌ஷாப் ஒன்றில் என்ஜின் ஆயில் மாற்றினேன். வண்டியை அவர்களே வந்து எடுத்துப்போய், மாலையில் கொண்டுவந்து விட்டார்கள். பில்லில் ஆயில் 4 லிட்டர் என்றும், என்ஜின் உள்ளே கழுவும் ‘என்ஜின் ஃபிளஷ்’ என்று தனியாக ஒரு தொகையும் இருக்கிறது. மூன்றாம் நாள் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான கேஜை உருவிப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டுக்கு மேலே நிற்கிறது. கேட்டால், "கூட இருந்தா நல்லதுதான் சார், குறைஞ்சாதான் பிரச்னை" என்கிறார்கள். என்ஜினுக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: ஆகும். எவ்வளவு கூடுதல் என்பதைப் பொறுத்தது என்பதால் முதலில் சரியாக அளந்துவிடுங்கள். வெள்ளத்துக்குப் பயந்து வீட்டைத் தெருவைவிட உயர்த்திக் கட்டி, வாசலில் சாய்தளம் போட்டு, அதன் மேலேயே காரை நிறுத்துவது நம் ஊர் வழக்கம். அப்படிச் சரிந்து நிற்கும் காரில் கேஜ் காட்டுவது பொய். சமதளத்துக்குக் கொண்டுவந்து, என்ஜின் சூடேறியதும் அணைத்து, 5 முதல் 10 நிமிடம் பொறுங்கள். மேலே ஏறிய ஆயில், என்ஜினின் அடித்தொட்டியான சேம்பருக்கு இறங்க வேண்டும். கேஜை உருவித் துடைத்து, அடிவரை செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். முதல் தடவை தெரிவதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மேல் கோட்டை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலான கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே கொள்வது ஏறத்தாழ ஒரு லிட்டர். அந்த இடைவெளியில் பாதி அளவுக்கு மேலே ஏறியிருந்தால் அரை லிட்டர் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் வண்டியை ஓட்டாதீர்கள். சுழலும் கிராங்க் தண்டு ஆயிலில் அடிபட, மோர் கடைவதுபோல் அது நுரைத்துப்போகும். நுரையை இழுக்கும் பம்ப் பேரிங்குகளுக்குப் போதிய அழுத்தத்தில் ஆயில் அனுப்பாது. உள்ளே அழுத்தம் கூடி சீல்கள் கசியும். ஆயில் காற்றுக் குழாய் வழியாக எரிப்பறைக்குப் போய் நீலப் புகை வரும். "கூட இருந்தா நல்லது" என்றவரிடம் இதைச் சொல்லுங்கள்.

தீர்வு எளிது. கேஜ் குழாய்க்குள் மெல்லிய டியூபை விட்டு, கைப்பம்ப்பால் உறிஞ்சி எடுக்கலாம். கால் மணி நேர வேலை. கீழே ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டைத் தளர்த்தி "கொஞ்சம்" விடுகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். எவ்வளவு போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

இனி அந்த 4 லிட்டர். உங்கள் 1.2 லிட்டர் என்ஜினுக்கு ஃபில்டரையும் சேர்த்து 3 லிட்டரைச் சற்றே தாண்டும் அளவுதான் தேவை. வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். நாலும் ஊற்றியிருந்தால் கேஜ் ஏறத்தாழ ஒரு முழு இடைவெளி மேலே காட்டும். அவ்வளவு இல்லையென்றால் குறைவாக ஊற்றிவிட்டு மீதிக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள். தர வேண்டியது, ஊற்றிய அளவுக்கு பில், மிச்சம் இருந்தால் கேனோடு உங்கள் கையில். இந்தச் சின்ன ஒழுங்கு ஏன் நடப்பதில்லை என்றால், யாரும் கேட்பதில்லை. ஆயில் கம்பெனிகளும் பல நேரம் என்ஜின் கேட்கும் அளவுக்குக் கேன் போடாமல், ஒரு கோப்பை மிஞ்சுகிற மாதிரியோ ஒரு கோப்பை குறைகிற மாதிரியோ போட்டுவிட்டு, மீதிச் சண்டையை நமக்கும் மெக்கானிக்குக்கும் விட்டுவிடுகின்றன.

என்ஜின் ஃபிளஷ் தேவையே இல்லை. 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றி வந்த என்ஜினில் கழுவ எதுவும் இல்லை. வருடக்கணக்கில் மாற்றாமல் விட்ட என்ஜினிலோ, கரைந்து உதிரும் கசடு சேம்பர் வலையை அடைத்துக்கொள்ளும். ஊற்றிய ஃபிளஷ் முழுதாக வெளியே வருவதும் இல்லை. மிச்சம் புது ஆயிலை நீர்க்கச் செய்யும். உங்கள் கேஜ் மேலே நிற்பதற்கு அதுவும், சரியாக வடியவிடாத பழைய ஆயிலும்கூடக் காரணமாக இருக்கலாம். சூடான ஆயிலை வடிக்கக் குறைந்தது 10, 15 நிமிடம் வேண்டும். பேக்கேஜ் விலையில் வேலை செய்கிறவர் அவ்வளவு நேரம் நிற்க மாட்டார்.

ஒர்க்‌ஷாப்பைக் குற்றம் சொல்ல முடியாத ஓர் இடம் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களில் ஆயில் மட்டம் தானாகவே ஏறலாம். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி நிறைந்ததும், அதை எரிப்பதற்காக என்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து பள்ளி என்று ஐந்து கிலோமீட்டருக்குள்ளேயே ஓடும் வண்டியில் எரிப்பு பாதியில் நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நிற்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் சேரும். இங்கே உறிஞ்சி எடுத்தால் போதாது. ஆயில் நீர்த்துவிட்டது, முழுக்க மாற்றத்தான் வேண்டும். அவ்வப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் 20 நிமிடம் நிற்காமல் ஓட்டிவிட்டு வந்தால் இந்தத் தொல்லை குறையும். அந்த வடிகட்டிக்கென்றே வரும், சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். டீசலில் புது ஆயில் ஒரே நாளில் கறுத்துவிடும். அதைப் பார்த்து "பழைய ஆயிலையே விட்டுவிட்டான்" என்று சண்டைக்குப் போகாதீர்கள். உங்களுடையது பெட்ரோல், அதனால் இந்தச் சலுகை உங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கிடையாது.

உண்மையில் உங்கள் தவறு, வண்டியை ஆள்விட்டு அனுப்பியதுதான். வந்து எடுத்துப்போகிறவர் பல இடங்களில் ஒர்க்‌ஷாப் ஆள்கூட இல்லை, கமிஷனுக்கு ஓடும் புரோக்கர். எந்தக் கேன் உடைந்தது, எந்த ஃபில்டர் மாறியது என்று பார்க்க நீங்கள் அங்கே இல்லை. அடுத்த முறை பக்கத்தில் நில்லுங்கள். சீல் உங்கள் முன்னால் உடைய வேண்டும். பேரலிலிருந்து எடுக்கும் 20டபிள்யூ40 கெட்டி ஆயில் உங்கள் என்ஜினுக்கு ஆகாது. டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் கேளுங்கள், சில பத்து ரூபாய்தான். போல்ட்டைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கினால் மரை போய்விடும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதுண்டு. அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டினால், நடுவழியில் ஆயில் மொத்தமும் பீய்ச்சி அடித்துவிடும். வளையம் பழையதோடு வந்ததா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். காலிக் கேனை வீட்டுக்கு எடுத்து வாருங்கள், அல்லது ஸ்க்ரூடிரைவரால் குத்திவிடுங்கள். முழுசாக விட்டால் காயலான் கடை போய், வேறு எதையோ நிரப்பிக்கொண்டு மறுபடி விற்பனைக்கு வரும்.

புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிப்போய் பெட்ரோல் போடுகிறவர் என்றால் இன்னொன்று. பங்கில் பானெட்டைத் திறந்து, கேஜை முக்கால்வாசி மட்டும் செருகி எடுத்து, "ஆயில் குறையுது" என்று அரை லிட்டர் ஊற்றும் வித்தை பழையது. மூன்று நாளில் அப்படி ஏதும் நடந்ததா என்று யோசியுங்கள்.

அவர்கள் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். ஒர்க்‌ஷாப் புதுச்சேரியில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஒரு லிட்டர்கூட வராத ஆயிலுக்காக வாய்தா வாய்தாவாக யார் அலைவார்கள் என்பது ஒர்க்‌ஷாப்புக்கும் தெரியும். ஆகவே முதலில் கேஜின் படம், பில்லின் படம், கையேட்டில் ஆயில் அளவு உள்ள பக்கம் மூன்றையும் வாட்ஸ்அப்பில் அவர்களுக்கே அனுப்பி, கூடுதல் ஆயிலை இலவசமாக உறிஞ்சி எடுத்து, வித்தியாசத் தொகையையும் ஃபிளஷ் தொகையையும் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.