டென்னிஸ் வீரர், பாடல் எழுதிப் பாடுபவர்: யாருடைய தொழில் நீடிக்கும்? ஒருவரே இரண்டிலும் ஜெயிக்க முடியுமா?

முடியும். பிரெஞ்சு டென்னிஸ் வீரர் யானிக் நோவா 1983-இல் மர ராக்கெட்டோடு ஆடி, இறுதியாட்டத்தில் மாட்ஸ் விலாண்டரை வீழ்த்தி பிரெஞ்சு ஓபன் வென்றார். 1991-இல் ‘சாகா ஆப்ரிகா’ பாட்டு அவரைப் பாடகராகவும் பிரான்ஸ் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதே ஆண்டு, அவர் ஆடாத கேப்டனாக இருந்த பிரான்ஸ் அணி, நாடுகள் மோதும் டென்னிஸ் போட்டியான டேவிஸ் கோப்பையையும் வாங்கியது. எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கும் விஷயம் இது.

ஆனால் முதலில் டென்னிஸ், பிறகு பாட்டு என்ற வரிசையைக் கவனியுங்கள். அதைத் தலைகீழாக்குவது ரொம்பக் கடினம். நீடிப்பதைப் பொறுத்தவரை, டென்னிஸில் தரவரிசைப் புள்ளிகளின் ஆயுள் 52 வாரங்கள்தான். பிரெஞ்சு ஓபன் போன்ற நான்கு பெரிய போட்டிகளில், அதாவது கிராண்ட்ஸ்லாமில், பட்டத்துக்கு 2000 புள்ளிகள். அடுத்த ஆண்டு அதே போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றால் அந்த 2000 போய், கையில் 10 மட்டுமே நிற்கும். முழங்கால் ஒன்று மக்கர் செய்தால் போதும், பல வருட உழைப்பு சரிந்துவிடும். விளம்பர வருமானமும் பெரும்பாலும் கூடவே இறங்கும்.

பாட்டு எழுதுபவருக்கு நேர்மாறு. பாடலின் வரிக்கும் மெட்டுக்கும் ஓர் உரிமை, பதிவுக்கு இன்னோர் உரிமை. முதல் உரிமையைக் கைவிடாமல் வைத்திருந்தால், தொண்டை போன பிறகு வேறொருவர் பாடினாலும் ராயல்டி வரும். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி, எழுதியவர் இறந்த பிறகும் குறைந்தது 50 ஆண்டுகள் அந்த உரிமை வாரிசுகளுக்கு உண்டு.

அதனால், நீடிப்பதில் பாட்டுதான் என் பதில். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எந்த உரிமையைக் கொடுக்கிறீர்கள் என்று வரிக்கு வரி படியுங்கள்.