சர்டிபிகேட்டில் யார் கையெழுத்து?

கேள்வி: என் மகன் பத்தாவது பாஸ். பிளஸ் டூவில் இரண்டு பாடம் போய்விட்டது. இனி பரீட்சையே எழுத மாட்டேன், ஏசி மெக்கானிக் ஆகப்போகிறேன் என்கிறான். பக்கத்தில் உள்ள சமுதாயக் கல்லூரியில் ஒரு வருஷ டிப்ளமோ, ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷமாம். ஒரு வருஷம் மிச்சமாகுமே, எதில் சேர்ப்பது?
– ஒரு தாய், கொடுங்கையூர்

பதில்: முதலில் அவனைத் திட்டாதீர்கள் அம்மா. மே மாதம் எங்கள் வீட்டு ஏசிக்கு ஆள் வர ஆறு நாள் காத்திருந்தவன் நான், அவன் எடுத்திருப்பது நல்ல முடிவு என்றுதான் சொல்வேன்.

சமுதாயக் கல்லூரி என்பது பாதியில் படிப்பை விட்டவர்களை மனதில் வைத்தே வந்த ஏற்பாடு. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இதை ஆரம்பித்தது, அடுத்த வருஷமே சென்னைக்கு வந்துவிட்டது. வயது பார்ப்பதில்லை, மார்க் பார்ப்பதில்லை. கொஞ்ச நாள் வாழ்க்கைத் திறன் என்று நாலு பேரிடம் பேசுவது, பேங்க் ஃபாரம் நிரப்புவது, அடிப்படை ஆங்கிலம் எல்லாம் சொல்லித்தருவார்கள். அப்புறம் தொழில், கடைசியில் ஏதாவது ஒரு பட்டறையிலோ சர்வீஸ் சென்டரிலோ நேரடிப் பயிற்சி. ‘ஸ்பேனர் பிடிக்கப் போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு’ என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ஆனால் ஏசி வேலையில் பாதி, முன்பின் தெரியாத வீட்டுக்குள் போய் ‘அவுட்டோர் யூனிட்டில்தான் லீக், போன தடவை கேஸ் ஏற்றினவர் அதைப் பார்க்கவில்லை’ என்று அந்த வீட்டுப் பெரியவர் நம்பும்படி சொல்வதுதானே.

இருந்தும் உங்கள் மகனுக்கு என் ஓட்டு ஐ.டி.ஐ.க்கு. அங்கே தருவது தேசிய தொழிற்சான்றிதழ். ரயில்வே, ரயில் பெட்டி செய்யும் பெரம்பூர் ஐ.சி.எஃப். மாதிரி இடங்களில் ஐ.டி.ஐ. அப்ரன்டிஸுக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். அரசு ஐ.டி.ஐ.யில் படிப்புக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸும் உண்டு. பலருக்குத் தெரியாத இன்னொன்று: பத்தாவது முடித்து இரண்டு வருஷ ஐ.டி.ஐ.யும் முடித்தவர், தமிழ், ஆங்கிலம் இரண்டை மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணை என்று அரசு ஏற்றுக்கொள்கிறது. பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்திலும் சேரலாம். அதனால் மிச்சமாகும் என்று நீங்கள் சொல்கிற அந்த ஒரு வருஷம் உண்மையில் மிச்சமே இல்லை. அவனுக்கு வயது 28 ஆகி, வீட்டில் குழந்தையும் இருந்து கேட்டிருந்தால் சமுதாயக் கல்லூரிக்கே போகச் சொல்லியிருப்பேன்.

வடசென்னை, அம்பத்தூர், கிண்டி என்று அரசு ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன, ஏசி பிரிவு எதில் என்று நேரில் போய்க் கேளுங்கள். எங்கே சேர்த்தாலும் ஒர்க்‌ஷாப்பை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஓரமாக ரெண்டு பழைய விண்டோ ஏசி மட்டும் கிடந்தால் யோசிக்கணும். இப்போது வீடுகளில் மாட்டுவது இன்வெர்ட்டர் ஏசி, அதில் பாதி தகராறு உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டில்தான். பழைய ஆர் 22 கேஸும் போய் ஆர் 32 வந்துவிட்டது, அது லேசாகத் தீப்பிடிக்கும் வகை. வேக்கம் போடாமல், அதாவது குழாயில் இருக்கும் காற்றை வெளியே இழுக்காமல், அவசரத்தில் கேஸ் ஏற்றிப் பழகிய கை இதற்கு உதவாது.

கேள்வி: சில பயிற்சி மையங்களில் ‘100 சதவீத வேலை உறுதி’ என்று போர்டு வைத்திருக்கிறார்களே, நம்பலாமா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: போன வருஷம் படித்த நாலு பேருடைய போன் நம்பர் கேளுங்கள். தந்தால் மேற்கொண்டு பேசலாம்.

கேள்வி: அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தேன். எங்கள் ஊரில் ஒரு இடத்தில் ஒரு வருஷ நர்சிங் டிப்ளமோ, ஃபீஸை மூன்று தவணையாகக் கட்டலாம் என்கிறார்கள். முடித்தால் நர்ஸ் ஆகலாமா?
– ஒரு மாணவி, ஆவடி

பதில்: ஆக முடியாதும்மா. நர்ஸ் என்றால் நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிவாக வேண்டும். அதற்குத் துணை நர்ஸ் படிப்பான ஏ.என்.எம். இரண்டு வருஷம், நர்சிங் டிப்ளமோவான ஜி.என்.எம். மூன்று வருஷம், பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம். ஒரு வருஷத்தில் குறுக்கு வழி கிடையாது. அவர்கள் தருவது பெரும்பாலும் ஹெல்த் அசிஸ்டன்ட் பயிற்சியாகத்தான் இருக்கும். அதை மட்டமாகச் சொல்லவில்லை, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெரியவர்கள் நிறைந்த சென்னையில் அந்த வேலைக்கு ஆள் தேவை எப்போதும் உண்டு. ஆனால் அதையே நர்சிங் என்று சொல்லி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் பழைய மாணவி ஒருத்தியின் சர்டிபிகேட்டை வாங்கிப் பாருங்கள்: படிப்பின் பெயர் என்ன, கையெழுத்துப் போட்டிருப்பது பல்கலைக்கழகமா, அரசுத் துறையா, அல்லது அந்த இடத்தை நடத்தும் ஓனரேதானா?

ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளிதான் என்றால் மேற்படிப்பு படிக்கும் பெண்களுக்கான அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். நீங்கள் சேரும் இடத்துக்கு அது பொருந்துமா என்று ஆபீஸில் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், புரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: இருபது வருஷமாக வீட்டு வயரிங் செய்கிறேன், வயது 45. கையில் ஒரு பேப்பரும் இல்லை. இந்த வயதில் பசங்களோடு போய் உட்காரணுமா?
– ஒரு எலக்ட்ரீஷியன், சைதாப்பேட்டை

பதில்: வேண்டாம் சார். உங்களைப் போன்றவர்களுக்கென்றே மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்றை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. 21 வயது முடிந்து, வயரிங்கில் 5 வருஷ அனுபவம் இருந்தால் போதும். விண்ணப்பத்தைப் பற்றி அரசு ஐ.டி.ஐ.யில் விசாரியுங்கள். அனுபவத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள், நீங்கள் வேலை செய்து கொடுத்த லைசென்ஸ் கான்ட்ராக்டர் யாரையாவது இப்போதே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வாரத்தில் ஓடினால் அவர் போனை எடுக்க மாட்டார்.