வீட்டுப் பேச்சு: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஊர் பெயரே இல்லை. வட்டார வழக்கைப் பற்றிக் கேட்டுவிட்டு வட்டாரத்தை மறைத்தால் நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்? சொன்னவர் யார், அவருக்கு எந்த ஊர், எதைச் செய்துகொண்டே சொன்னார், இந்த மூன்றையும் எழுதுங்கள். எழுதியவர்களுக்கு முதலில் பதில்.

எனக்கு ஊர் காரைக்குடிப் பக்கம், மனைவிக்கு ஈரோடு. எங்கள் பெண் யாரை ‘அப்பச்சி’ என்று கூப்பிட வேண்டும் என்பதில் இரண்டு வீட்டுக்கும் மனத்தாங்கல். எது சரி?

இரண்டும் சரி. காரைக்குடிப் பக்கம் என்றதால் நகரத்தார் வீடு என்று எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் எழுதவில்லை. நகரத்தார் வீட்டில் அப்பச்சி என்றால் பெற்ற தகப்பன், தாத்தாவுக்கு ‘ஐயா’. கொங்கு நாட்டில் அப்பச்சி, அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர். அப்பாவைப் பெற்றவர் ‘அப்பாரு’. ஆகவே உங்கள் மகள் “அப்பச்சீ” என்று குரல் கொடுத்தால் நீங்களும் உங்கள் மாமனாரும் ஒன்றாகத் திரும்புவீர்கள். அதில் என்ன குறைந்துவிட்டது? காரைக்குடியில் இருக்கும்போது அந்த முறை, ஈரோட்டில் இந்த முறை என்று விட்டுவிடுங்கள். மூன்று வயதுக் குழந்தைகள் இதைப் பெரியவர்களைவிடச் சுலபமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

‘ஆயா’ விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். உங்கள் பக்கம் அது பாட்டி. நகரத்துப் பள்ளிக்கூடத்தில் அது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. பிள்ளை “ஆயா ஊட்டிவிட்டாங்க” என்றால் யாரென்று கேட்டுக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தார் இந்த வம்பே வேண்டாம் என்று அம்மப்பா, அம்மம்மா, அப்பப்பா, அப்பம்மா என்று வைத்துக்கொண்டார்கள். நம் ஊர்களில் இத்தனை தெளிவு கிடையாது.

கோவில்பட்டியிலிருந்து பொள்ளாச்சிக்கு வாக்கப்பட்டு வந்தேன். வந்த புதிதில் மாமியார் “அந்தத் தொட்டிய எடுத்து அடுப்புல போடு” என்றார். தண்ணீர்த் தொட்டியை எப்படி அடுப்பில் போடுவது என்று நின்றேன். இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். அது தேங்காய்த் தொட்டி. உங்கள் ஊரில் சிரட்டை, சென்னைப் பக்கம் கொட்டாங்குச்சி. உங்கள் மாமியாரைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய், “வாரியல எடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். கொங்கில் சீமாறு என்றால்தான் கை விளக்குமாற்றுக்குப் போகும்.

‘அங்கணம்’ சரியா, ‘அங்கனம்’ சரியா? (ஊர் இல்லை)

மூன்று சுழி. பாத்திரம் கழுவும் இடம்.

பாட்டி “ஏனத்தைக் கழுவி வை” என்பார். அகராதியில் பார்த்தால் ஏனம் என்றால் பன்றி என்று இருக்கிறது. அதிர்ச்சியாக இருக்கிறது. விளக்கவும். (ஊர் இல்லை)

எனக்கும் அதிர்ச்சிதான், வேறு காரணத்துக்காக. அகராதியில் ஒரு சொல்லுக்கு ஒரு வரி மட்டும் படித்துவிட்டு மூடக் கூடாது. தேவாரத்தில் வரும் ஏனம் பன்றி. பாட்டி சொல்லும் ஏனம் பாத்திரம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள் இருக்கின்றன, அதில் இரண்டு பொருளும் இருக்கிறது. உங்கள் பாட்டி அங்கணத்தில் உட்கார்ந்து, சாம்பலும் புளியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பித்தளைப் போகிணியை நீட்டிக் கழுவச் சொன்னாரா இல்லையா? அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? சொன்னவர் எதைச் செய்துகொண்டே சொன்னார் என்று பாருங்கள் என நான் கரடியாகக் கத்துவது இதற்குத்தான்.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா “அவருக்கு வருத்தம்” என்றார். “ஏன், யார் என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன். ஒரு மாதிரி பார்த்தார். – சென்னையிலிருந்து லண்டன் போன வாசகர்

பார்க்காமல் என்ன செய்வார்? அங்கே வருத்தம் என்றால் நோய். வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறார். போய் ஒரு தடவை விசாரித்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் அங்கே தொடர்ந்து இருக்கப்போகிறவர் என்பதால் இன்னும் சில. “பின்னேரம் வாங்கோ” என்றால் அப்புறமாக என்றில்லை, சாயங்காலம். “ஆறுதலா வாங்கோ” என்றால் தேறுதல் சொல்ல வரச் சொல்லவில்லை, அவசரப்படாமல் வாருங்கள் என்று பொருள். “கெதியா” அதற்கு நேர் எதிர். “அம்மா பேசினவ” என்றால் திட்டினார் என்பதாகவும் இருக்கலாம், சும்மா பேச்சுக்குக் ‘கதைக்கிறது’ இருக்கிறது. “வடிவா சாப்பிடுங்கோ” என்றால் அழகாகச் சாப்பிடச் சொல்லவில்லை, நன்றாகச் சாப்பிடச் சொல்கிறார். கறி என்றதும் ஆட்டுக்கறியை நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அங்கே கத்தரிக்காயும் கறிதான். இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? பிராமணர் வீட்டில் வாழைக்காய்க் கறி என்றால் முகம் சுளிக்காதவர்கள், கடையில் கறி என்ற பலகையைப் பார்த்தால் தெரு மாறிப் போவார்கள்.

தாத்தா எங்களைக் கொஞ்சும்போதுகூட ‘கஸ்மாலம்’ என்பார். கெட்ட வார்த்தையா? – ராயபுரம்

கெட்ட வார்த்தை இல்லை, திட்டு. அழுக்கு என்று பொருள்படும் வடசொல். கீதையில் கண்ணன் அர்ஜுனனைப் பார்த்து, இந்த மனச்சோர்வு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் இடத்திலும் இதே சொல்தான் வருகிறது. ‘சோமாரி’ தெலுங்கிலிருந்து வந்தது, சோம்பேறி. ‘பேமானி’ உருது வழி வந்தது, நேர்மையில்லாதவன். தாத்தா சொன்னால் முத்தம், தெருவில் போகிறவர் சொன்னால் சண்டை. அதனால் சொன்னவர் யார் என்பதை விடாமல் கேட்கிறேன்.

பெண் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் “மைனி”, “பைய வாறேன்”, “ஒறங்கிட்டேன்” என்று பேசியதற்கு, வீட்டில் கொச்சையாகப் பேசிப் பழக்காதீர்கள் என்று குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள், இப்போது இருப்பது சென்னையில். மாற்றிக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்குப் பத்து கடிதமாவது இப்படி வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

‘பைய’ என்றால் மெல்ல. “பசையினள் பைய நகும்” என்று 1098ஆம் குறளில் இருக்கிறது, அவள் மெல்லச் சிரித்தாள் என்பதற்கு. அதே பள்ளிக்கூடத்துச் சுவரில் திருவள்ளுவர் படம் மாட்டியிருப்பார்கள். ‘ஒறங்கிட்டேன்’ என்பது உறங்கிவிட்டேன். “உறங்குவது போலும் சாக்காடு” 339ஆம் குறள். அதற்குப் பதில் அவர்கள் சொல்லச் சொல்லும் ‘தூங்கு’ குறளில் வரும்போது, “தூங்குக தூங்கிச் செயற்பால” என்று தாமதப்படுத்துவதைத்தான் குறிக்கிறது. மேலே இரண்டு சுழியா மூன்று சுழியா என்று ஒருவர் கேட்டாரே, அந்த அங்கணமும் 720ஆம் குறளில் இருக்கிறது: தகுதியில்லாதவர் கூட்டத்தில் பேசுவது அங்கணத்தில் அமுதத்தைக் கொட்டியதற்குச் சமம் என்கிறார். மதுரையிலும் விருதுநகரிலும் இன்றைக்கும் அரிசி களைந்த தண்ணீரை அதே அங்கணத்தில்தான் கொட்டுகிறார்கள்.

சரி, இதைச் சொன்னதும் சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள்: எங்கள் பேச்சு குறளில் இருக்கிறது, உன் பேச்சு இல்லை என்று. அதுவும் எனக்கு எரிச்சல்தான். குறளில் இருந்தால்தான் பாட்டியின் சொல்லுக்கு மரியாதையா? கொங்கில் ‘ஒட்டுக்கா போலாம்’ என்கிறார்கள், சேர்ந்து போகலாம் என்று. மதுரையில் ‘அங்கிட்டு, இங்கிட்டு’. காயல்பட்டினத்தில் அண்ணனுக்குக் ‘காக்கா’. தமிழ் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் குழம்புக்கு ‘ஆணம்’. இதற்கெல்லாம் புலவர் சான்றிதழ் தேவையில்லை. நாலு பேர் பேசி நாலு பேருக்குப் புரிந்தால் அது சொல்.

அண்ணன் மனைவியை நெல்லையில் மதினி, பேச்சில் மைனி. கொங்கில் நங்கை. பிராமணர் வீட்டில் மன்னி. இப்போது எல்லோருக்கும் ‘அண்ணி’ ஒன்றே ஆகிவிட்டது. தொலைக்காட்சித் தொடர்களில் தஞ்சாவூர்க் குடும்பமும் தேனிக் குடும்பமும் ஒரே மாதிரி பேசுகின்றன. பெற்றோரும் நகரத்துக்கு வந்ததும் வெட்கப்பட்டு மாற்றிக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊரிலிருந்து வந்த ஆச்சி, சொந்தப் பேத்தியிடம் யோசித்து யோசித்துப் பேசுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். வாய்க்கு வந்த ‘வெரசா வாளா’வை விழுங்கிவிட்டு, “சீக்கிரம் வாம்மா” என்பார்.

ஒன்று மட்டும் நியாயம். தேர்வுத்தாளில் ‘ஒறங்கிட்டேன்’ என்று எழுத முடியாது, எழுத்துத் தமிழ் தனியாகப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் சென்னைக்காரப் பிள்ளையும் ‘தூங்கிட்டேன்’ என்று எழுத முடியாதே! அதற்குக் குறிப்பு எழுதி அனுப்புகிறார்களா? அந்தக் குறிப்புக்குக் கீழே இதைக் கேட்டு, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

‘அம்மாஞ்சி’ என்றால் ஏமாளிதானே? – மயிலாப்பூர்

மாமா பிள்ளை. அம்மான் சேய் என்பது அம்மாஞ்சி ஆனது. மாமா பெண் அம்மங்கா, அத்தை பெண் அத்தங்கா. ஏமாளி என்பது கேலியில் ஒட்டிக்கொண்டது. மயிலாப்பூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள்.

‘சிறுவாடு’ என்பது சிறுவர்கள் மேய்த்த ஆட்டை விற்றுச் சேர்த்த பணம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் சொல்லாராய்ச்சியை எனக்கு அனுப்பாதீர்கள் என்று எத்தனை தடவை எழுதுவது? சொல்லை நடுவில் உடைத்து இரண்டு துண்டுக்கும் பொருள் சொல்வது ஆராய்ச்சி ஆகாது.

சிறுவாடு என்பது வீட்டுப் பெண்கள் கணவருக்குத் தெரியாமல், அல்லது தெரிந்தும் தெரியாத மாதிரி, சேர்த்துவைக்கும் பணம். கொங்கிலும் மதுரைப் பக்கமும் சொல்வார்கள். பால் ஊற்றிய காசு, முட்டை விற்ற காசு, சந்தைக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்தது. அரிசிப் பானைக்குள், மிளகு டப்பாவில், பழைய சேலை மடிப்பில் இருக்கும். அந்த நோட்டுகளில் ஒரு சீரக வாசனை இருக்கும். எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கட்டணம் கட்ட வழியில்லாத அன்றைக்குத் தானாக வெளியே வரும். கேட்டு வாங்கினால் அதற்குப் பெயர் சிறுவாடு இல்லை. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்களே, அப்போது இந்தச் சிறுவாடுகள் எல்லாம் ஒரே வாரத்தில் வெளிச்சத்துக்கு வந்தன. வீட்டுக்கு வீடு ஆண்கள் வாயைப் பிளந்தார்கள்.

சாவி, அலமாரி, ஜன்னல் இவற்றை வீட்டுப் பேச்சிலிருந்து நீக்கிவிட்டுத் தூய தமிழ் பேச விரும்புகிறோம். – திருச்சி

பேசுங்கள். மூன்றும் போர்த்துக்கீசியர் வழி வந்தவை. டச்சுக்காரர் வழி வந்தவை துட்டும் கக்கூசும். முந்நூறு நானூறு வருடமாக வீட்டோடு இருக்கிறவர்களைத் திடீரென்று வெளியே அனுப்புகிறீர்கள், அவ்வளவுதான். ‘திறவுகோல்’ நல்ல சொல். மழையில் நனைந்துகொண்டே வாசலில் நின்று “திறவுகோல் எங்கே?” என்று ஒரு மாதம் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

“பொழுதோட வந்துர்றேன்” என்று கோயம்புத்தூர் நண்பர் சொன்னார். மத்தியானத்திலிருந்து காத்திருந்தேன். ஆறு மணிக்கு வந்தார். – கும்பகோணம்

சொன்ன நேரத்துக்குத்தான் வந்திருக்கிறார். கொங்கில் பொழுதோட என்றால் சாயங்காலம்.

எங்கள் வீட்டில் ‘குமுட்டி’ என்று அடிக்கடி சொல்வார்கள். பொருள் என்ன? உடனே பதில் தேவை. (ஊர் இல்லை, பெயரும் இல்லை)

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடு என்றால் கரி அடுப்பு. கீழே சாம்பல் விழச் சல்லடை இருக்கும், விசிறியால் விசிற வேண்டும், காப்பிக்கும் ரசத்துக்கும் அந்தத் தணல் போதும். வேலியோரம் காட்டிச் சொன்னார்கள் என்றால் குமுட்டிக்காய். கசக்கும், வாயில் வைக்காதீர்கள். ஊர் எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.